அக்காவின் பங்கு

டாக்டர் தன் வலது கையை முட்டியாக மடக்கி என் முன்னால் நீட்டினார். அதுவும் அதிகம் என்று நினைத்தவர்போல் மற்றக் கையால் பாதியை மறைத்துக் காட்டினார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் இரைப்பை அவ்வளவுதான் இருக்குமாம். மிச்சத்தை வெட்டி எடுத்துவிட்டு ஓரத்தைத் தைத்துவிடுவார்களாம். "ஒரு சின்னப் பிள்ளை சாப்பிடுகிற அளவுதான் இனி உங்களுக்குப் போகும்" என்று சிங்களத்தில் சொன்னார். நல்ல மனிதர். என் உடம்பைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் டாக்டர் அவர்தான்.

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம் அது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வந்த பஸ்ஸை வழியில் நிறுத்தி, எங்களை இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். முழங்கால் வலியோடு நான் இறங்கி ஏறுவதற்குள் பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் பொறுமை போய்விட்டது. அந்த எரிச்சலும் களைப்பும் அப்படியே இருந்ததில், டாக்டரிடம் கேட்க நினைத்ததையெல்லாம் மறந்துவிட்டேன். ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது. வெட்டி எடுக்கும் பகுதியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "பரிசோதனை செய்துவிட்டு எரித்துவிடுவோம். ஏன், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா?"

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் எரிக்கப்போகிற அந்தப் பெரிய பகுதி யாருடையது என்று எனக்குத் தெரியும். அது என் அக்காவின் பங்கு.

அக்காவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவள் செத்துப்போனாள். அப்போது அவளுக்கு நாலு வயது இருக்கும். எழுபதுகளில் தேயிலைத் தோட்டங்களில் பெரிய பஞ்சம் வந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள், கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கிப் போயின, கிழங்கும் கீரையும் தேடி ஆட்கள் காடு மேடெல்லாம் அலைந்தார்கள். பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மட்டும் எத்தனையோ சின்னதுகள் போய்விட்டன. பசியில் செத்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வயிற்றாலே போனது, காய்ச்சல் கண்டது, பூச்சி விழுந்தது என்று ஏதாவது ஒரு வருத்தத்தின் பெயரைச் சொல்வார்கள். அக்காவுக்கு என்ன வருத்தம் என்று அம்மாவிடம் நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. ஆனாலும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் இல்லாமல் நான் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை.

அம்மா தட்டில் ஒரு அகப்பை சோறு போட்டு, "இது ஒனக்கு" என்பாள். அடுத்த அகப்பையை எடுக்கும்போது குரல் தாழ்ந்துவிடும். "இது அவளுக்கு." இரண்டும் ஒரே தட்டில்தான் விழும். இரண்டையும் நான்தான் சாப்பிட வேண்டும். வயிறு நிறைந்து நான் கையை இழுத்துக்கொண்டால் அம்மா திட்ட மாட்டாள், அடிக்கவும் மாட்டாள். "பாரு, பசியோட போறா" என்று வாசலைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். வாசலில் மலை மூட்டம் நிற்கும், சில நாட்களில் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கோழி நிற்கும். வேறு ஒன்றும் கிடையாது. ஒன்றும் இல்லாத அந்த வாசலுக்குப் பயந்து குழந்தையாக நான் தின்ற சோறு கொஞ்சநஞ்சமல்ல.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஈர்க்குச்சியாகத் திரிந்த காலத்தில் நான் மட்டும் கொழுகொழு என்று இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி ஐயா பிள்ளைகளை நிறுத்துப் பார்க்க வரும்போது என்னைத் தூக்கி மற்றத் தாய்மாருக்குக் காட்டுவார். புள்ள வளர்க்குறதுன்னா இப்படி வளர்க்கணும் என்பார். அம்மாவின் முகத்தில் நான் பார்த்த பெருமையெல்லாம் அந்தச் சில நிமிஷங்களில் பார்த்ததுதான். அது எனக்குப் பிடித்திருந்தது. என் உடம்பை எனக்குப் பிடித்திருந்ததும் அந்தக் காலத்தில்தான்.

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். கல்யாணமாகாமல் செத்த பெண்பிள்ளை வீட்டுக்குச் சாமி என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை வாங்கி, அதன் மூலையில் மஞ்சள் தடவி, பலகாரத்தோடு வைத்துக் கும்பிடுவார்கள். பிறகு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு அந்தப் பலகாரத்தைச் சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் என்னை விட்டால் வேறு யார்? அதனால் வருடா வருடம் டவுனில் தையல்காரரிடம் போவோம். யாருக்கு என்று அவர் கேட்பார். "பெரியவளுக்கு" என்பாள் அம்மா. அளவு? "சின்னவ அளவுதான்." தையல்காரர் நாடாவை என் இடுப்பைச் சுற்றிப் போடுவார். அப்படியாக நாலு வயதில் செத்த என் அக்கா என்னோடு சேர்ந்து வளர்ந்தாள், பெரிய மனுஷியானாள், இடுப்பு பெருத்தாள். ஒரு வருடம் தையல்காரர் நாடாவைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் நல்ல சாப்பாடு போல" என்று கேலி செய்தார். அம்மாவுக்கு அது கேலியாகவே படவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. சில வருடங்களில் பயிற்சிக்காக ஆசிரியர் கலாசாலை விடுதிக்குப் போனேன். அம்மாவை விட்டு முதல் தடவையாகப் பிரிந்தேன். அழுதுகொண்டு போனேன் என்று சொன்னால் பொய். உள்ளுக்குள் குதித்துக்கொண்டு போனேன். இனி என் தட்டில் ஒரு அகப்பைதான் என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

முதல் நாள் மத்தியானம் அப்படியே ஒரு அகப்பை சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் பசித்தது. என் பசியை எனக்குத் தெரியும். அது தலைவலியாக வரும், எரிச்சலாக வரும், யார் மீதாவது பாய்ந்து விழச் சொல்லும். இது அந்த மாதிரி இல்லை. தாய் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பிறகு பிள்ளைக் காம்பராவில் விடப்பட்ட குழந்தை விம்முமே, அப்படி அடிவயிற்றின் ஒரு மூலையில் விட்டு விட்டு வந்தது. விரிவுரையாளர் என்ன பேசினார் என்று தெரியாது. மணி அடித்ததும் ஓடிப்போய்ச் சமையல்கார அம்மாவிடம் கெஞ்சி அடிச்சட்டிச் சோறு வாங்கித் தின்றேன். இரண்டாவது அகப்பை உள்ளே போனதும் விம்மல் நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் பயந்ததுபோல் வாழ்க்கையில் எப்போதும் பயந்ததில்லை. அம்மா சொல்லித்தான் சாப்பிடுகிறேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பூண்டுலோயாவில் இருந்தாள். அக்காவோ என்னோடு பஸ் ஏறி வந்திருந்தாள்.

விடுதிப் பிள்ளைகள் எனக்கு "டபுள்" என்று பட்டம் வைத்தார்கள். நான் அவர்களைவிட மோசமாக அவர்களைக் கிண்டல் செய்து தப்பித்துக்கொண்டேன். குண்டாக இருப்பவர்களுக்கு வாய் நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. பயிற்சி முடிவதற்குள் அப்பா காலமாகிவிட்டார். நோர்வூட் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்ததும் அம்மாவை என்னோடு கூட்டிக்கொண்டேன். பிறகு கல்யாணம். அவர் தோட்டத்து ஒப்பீசில் கிளார்க். பெண் பார்க்க வந்து போனவர்களில் என் உடம்பைப் பார்த்துவிட்டு எழுந்து போகாதவர் அவர் ஒருவர்தான். அக்கா விஷயத்தைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். "பரவாயில்ல, ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன்.

மகள் பிறந்த பிறகுதான் உடம்பு என்னை விட்டு நழுவிப் போனது. சீனி வருத்தம் வந்தது, பிரஷர் வந்தது. பள்ளிக்கூடம் ஏறும் படிகளில் பாதியில் நின்று, பிள்ளைகளை அதட்டுவதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்குவேன். பிள்ளைகளுக்கும் அது தெரியும். பாவம், ஒன்றும் செய்யாமலே திட்டு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய பயம் தூக்கத்தில் வந்தது. ஒரு நாள் காலையில் டீ குடிக்கும்போது வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "நீ தூங்கும்போது மூச்சு நின்னு போகுது. நான் தட்டி எழுப்பித்தான் விடுறேன். தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்றேன்.

"இன்னொன்னு. மூச்சு திரும்பி வரும்போது நீ சோறு கேக்குற."

"நானா? என்னான்னு கேக்குறேன்?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பசிக்குதுங்கிற. அவ்வளவுதான். ஆனா ஒன் கொரல் மாதிரி இல்ல."

 கண்டி ஆஸ்பத்திரி டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, கழுத்தைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்புத்தான் மூச்சை அடைக்கிறது, எடை குறையாவிட்டால் ஒரு நாள் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். குறைத்துப் பார்த்தேன். காலையில் குரக்கன் கூழ், மத்தியானம் கீரை, சாயந்திரம் நடை. சில கிலோ இறங்கும், அந்த விம்மல் தொடங்கும், இறங்கியது இரண்டு மடங்காக ஏறிவிடும். மனவுறுதி இல்லாதவள் என்று ஒரு தாதி என்னைத் திட்டினார். அவரிடம் என்னவென்று சொல்வது?

இந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியை. படிகளில் நான் நின்று மூச்சு வாங்கும்போது அவரும் ஏதோ பிள்ளைகளிடம் விசாரிப்பதுபோல் என்னோடு நிற்பார். "நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்காதேங்கோ ரீச்சர். என்ர தங்கச்சி கனடாவில இதைச் செய்தவள். இப்ப நல்லா இருக்கிறாள். கொழும்பிலயும் ஒரு டொக்டர் அரசாங்க ஆஸ்பத்திரியிலயே செய்யத் தொடங்கிட்டாராம். ஒருக்காப் போய்க் காட்டுங்கோவன். உங்களுக்குச் சின்னப் பிள்ளை ஒண்டு இருக்கெல்லோ." கடைசி வாக்கியம்தான் என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோனது.

டாக்டர் திகதி கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஒரு பாடத்தை நடத்துவதுபோல் எல்லாவற்றையும் விளக்கினேன். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள்தான் போடுவார்கள், சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், பிறகு சாப்பாடு கொஞ்சம்தான் போகும், சீனியும் குறையும், மூச்சும் நிற்காது. அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து கேட்டாள். அவள் தலையாட்டுவதைப் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்ப அவ?" என்றாள்.

"எவம்மா?"

"ஒனக்கு ஒரு அகப்பை போவும். சரி. அவ எதுல திம்பா?"

"அவ செத்துட்டாம்மா." முப்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னேன். என் காதுக்கே அது தப்பாகக் கேட்டது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "அவளுக்குன்னு இருக்குற எடம் அந்த வயிறு ஒண்ணுதான். அதையும் வெட்டிப் போடப் போறீங்களா? வெட்டுங்க. எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?" என்னை நீ என்றே அழைத்தவள் அன்று நீங்க என்றாள். யாரோ ஒரு அதிகாரியிடம் பேசுவதுபோல் இருந்தது.

வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். கிழவிக்குப் பைத்தியம், அவள் பைத்தியத்தை எனக்கும் ஊட்டி வளர்த்துவிட்டாள் என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒனக்கு என்னா தோணுது? அத மட்டும் சொல்லு" என்றார். அதுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படித்தவள், நாலு பேருக்குப் படிப்பிக்கிறவள் என்ற முறையில் இதெல்லாம் சும்மா என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த விம்மலைக் கேட்டவள் நான். என்னை வெட்டித் தைத்த பிறகு அது எங்கே போகும்? போகாமல் உள்ளேயே இருந்து, போட ஒன்றும் முடியாமல், நாள் முழுக்க அழுதுகொண்டிருந்தால்? அல்லது ஒரேயடியாக நின்றுவிட்டால்? இரண்டில் எதற்கு அதிகமாகப் பயந்தேன் என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. டாக்டர் கொடுத்த திகதி வந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன்.

அம்மா அன்றைக்குப் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். இரண்டு அகப்பை போட்டாள். சாப்பிட்டேன். நல்ல ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை. உடுப்புத் துவைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தபோது மகள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. ஒல்லியான பிள்ளை, அவள் அப்பாவின் வாகு. அம்மா அவள் தட்டில் ஒரு அகப்பை சோறு போட்டாள். இன்னொரு அகப்பையை எடுத்தாள். குரல் தாழ்ந்தது.

"இது பெரியம்மாவுக்கு."

மகள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அது முதல் தடவை இல்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஒரு வாய் எடுத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். பிறகு இன்னொரு வாய். திரும்பவும் வாசல்.

 ஈரக் கையோடு போய் அந்தத் தட்டை எடுத்துவிட்டேன். மகள் பயந்துபோய் அழ ஆரம்பித்தாள். அம்மா அகப்பையோடு நின்றாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. "ஒன் வயித்த வெட்டிட்டா அவளுக்கு ஆளு வேணாமா?" என்று கேட்டாள். வீட்டில் உப்பு முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பதுபோல் கேட்டாள்.

அம்மா என்னிடம் இருந்து அக்காவை எடுத்து என் பிள்ளைக்குள் குடியேற்றிக்கொண்டிருந்தாள். நான் போனாலும் போகாவிட்டாலும் அது நடக்கும். எனக்கு வயதாகும், மூச்சு நிற்கும், அவளுக்கு ஒரு வயிறு வேண்டியிருக்கும். திங்கட்கிழமை காலையில் கொழும்புக்கு டெலிபோன் எடுத்து வேறு திகதி கேட்டேன். அம்மாவிடம் எந்த விளக்கமும் சொல்லவில்லை. போகிறேன் என்று மட்டும் சொன்னேன். "நானும் வாறேன்" என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ரயில் ஏறினோம்.

பெண்கள் வார்டில் துணைக்கு ஒருவரை இருக்கவிட்டார்கள். காலையில் முதல் ஆளாக என்னைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. விடிந்ததும் முகம் கழுவி, அவர்கள் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். முன்பக்கம் எவ்வளவு இழுத்தும் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். வார்டில் எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள்.

அம்மா பையைத் திறந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்து அவிழ்த்தாள். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். வீட்டிலேயே சுட்டு, எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறாள்.

"பசி வயித்தோட எப்படி ஒன்ன அனுப்புறது?" என்றாள்.

"அம்மா, சாப்பிட்டா செய்ய மாட்டாங்க. மயக்க மருந்து குடுக்கும்போது செத்தே போயிருவேன்."

"ஒரு வாய். ஒனக்கு வேணாம், அவளுக்கு மட்டும். இதுக்கு அப்புறம் அவளுக்கு எங்க கெடைக்கப் போவுது?" ஒரு துண்டைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

ரொட்டியின் வாசனை மூக்கில் ஏறியது. வாயில் எச்சில் ஊறியது. அடிவயிற்றின் மூலையில் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஒரு வாய் சாப்பிட்டால் போதும், தாதி வந்து திட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, அம்மா அப்படிச் செய்துவிட்டாள் என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். தட்டுக்கும் வாசலுக்கும் இடையே மாறி மாறிப் பார்த்த என் மகளின் கண்களை நினைத்துக்கொண்டேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. விம்மல் உள்ளே பெரிதாகிக்கொண்டே போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நீ சாப்புடும்மா. நேத்து ரயில்லயும் நீ ஒண்ணும் சாப்புடல" என்றேன்.

"நானா?" அம்மா கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். "நான் தின்னதுனாலதானே அவ செத்தா."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் தலை சீவிக்கொண்டிருந்தாள். அம்மா குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"ஒரு நாளைக்கி ஒரு ரொட்டிதான் சுட முடிஞ்சிச்சி. ஒங்கப்பா வேல தேடி வெளிய போயிருந்தாரு. நீ வயித்துல. வயித்துப் புள்ள தங்கணும்னா நீ சாப்பிடணும்னு எல்லாரும் சொன்னாங்க. பொறந்தது எப்படியும் பொழச்சிக்கும்னு நெனச்சேன். அவ கைய நீட்டிக்கிட்டு நிப்பா. நான் செவத்துப் பக்கமா திரும்பிக்கிட்டுத் தின்னேன். அவ அழல. பின்னால நின்னுக்கிட்டு என் சீலையப் புடிச்சிக்கிட்டே இருந்தா." பிறகு சொன்னாள்: "ஒரு நாளு இல்ல. தெனமும்."

அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரே நேரத்தில் எல்லாம் வந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அவள் பங்கைத் தின்று தீர்த்தவள் நான். அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு என் வயிற்றையே கொடுத்திருக்கிறாள் இந்த அம்மா. கோபம் வந்தது. என்னைக் கேட்டா தின்றாய், என்னைக் கேட்டா அவளை எனக்குள் வைத்தாய் என்று கத்த நினைத்தேன். அம்மாவைப் பார்த்தேன். குச்சி போன்ற கை. துண்டு ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு என்ன வயது இருந்திருக்கும்? இருபத்திரண்டு? என் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் வயது.

அவள் மணிக்கட்டைப் பிடித்து அந்தத் துண்டை அவள் வாய்க்கே கொண்டுபோனேன்.

"வேணாம்" என்றாள்.

"சாப்புடு." வகுப்பில் பேசும் குரல் தானாக வந்துவிட்டது.

"அவ பாக்குறா."

"பாக்கட்டும். நீ தின்னதுனாலதான் நான் இருக்கேன். சாப்புடு."

அம்மா வாயைத் திறந்தாள். மெல்லத் தெரியாதவள்போல் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தாள். பிறகு தாடை அசைந்தது. கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. அதையும் சேர்த்து மென்றாள்.

தாதி தள்ளுவண்டியோடு வந்தார். அம்மாவின் மடியில் ரொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஏதாவது சாப்பிட்டீர்களா என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார்.

"இல்லை."

"ஒரு துண்டுகூட?"

"ஒரு துண்டுகூட இல்லை."

வண்டியில் ஏறிப் படுக்க இரண்டு பேர் கைகொடுத்தார்கள். உள்ளே விம்மல் நிற்கவில்லை, நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன். வண்டி திரும்பும்போது தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்மா அடுத்த துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.